குறூப்பில் மதப் பகிடி வந்தால்: புது அட்மினுக்குச் சில படிகள்

கொழும்பில் யாரும் ஆசைப்பட்டு அட்மின் ஆவதில்லை. பழைய அட்மின் கனடாவுக்குப் போய்விடுவார். அல்லது தொடர்மாடிக் கூட்டத்தில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர், "தம்பிதான் எப்பவும் போனோட இருக்கிறார், அவரையே போடுங்கோ" என்பார். அடுத்த நாள் காலையில் பார்த்தால் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அட்மின் என்று விழுந்திருக்கும். முதல் மாதம் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, லிஃப்ட் பழுது, காணாமற்போன பூனை என்று போய்விடும். பிறகு ஒருநாள் இரவு, நீங்கள் சாப்பாட்டுத் தட்டோடு இருக்கும் நேரமாகப் பார்த்து, ஒருவர் மதப் பகிடி ஒன்றைப் போடுவார்.

அந்த இரவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் வட்ஸ்அப் குறூப்பைச் சில வருடங்களாகப் பார்த்துவருகிறேன். அறுபது வீட்டுக்குக் கிட்ட இருக்கிறோம். இந்துக்கள், கத்தோலிக்கர், சபைக்குப் போகிறவர்கள், முஸ்லிம்கள், நாலைந்து சிங்களக் குடும்பங்கள். கீழே சொல்வதில் பாதியை நான் பிழை விட்டுத்தான் பழகினேன்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

மதவாரியாகக் கணக்கெடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பீர்கள். போதாது. கொழும்பில் அந்தக் கோடு அவ்வளவு நேராக ஓடுவதில்லை. எங்கள் மூன்றாம் மாடி அக்கா வெள்ளிக்கிழமை மயூராபதி அம்மனுக்குப் போவார், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார். தொலைந்த சாமானை அந்தோனியார் தேடித் தருவார் என்பது நம்பிக்கை. ஒரு மாதக் கடைசியில் ஒருவர், "அந்தோனியாரே, என்ர சம்பளம் எங்க போகுதெண்டு ஒருக்காத் தேடித் தாரும்" என்று எழுதினார். கத்தோலிக்கர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முகம் சுளித்தது நெற்றியில் குங்குமம் வைக்கிற இந்த அக்காதான்.

கிறிஸ்தவர் என்று ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போடாதீர்கள். சுரூபத்தைப் பற்றி ஒரு பகிடி வந்தால் கத்தோலிக்கருக்கு அது நோகும். சபைக்குப் போகிறவருக்கோ பிரசங்கம் தொடங்க ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். முஸ்லிம்களுக்குள்ளும் அப்படித்தான். தெவட்டகஹ பள்ளி தர்காவில் நேர்த்தி வைப்பதைப் பற்றி அவர்களே இரண்டு பக்கம் நின்று வாதாடுவார்கள். வெளியே நிற்கிற நீங்கள் அதில் ஒரு சிரிப்பு முகம்கூடப் போட வேண்டாம். சிங்கள அயலவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்பதற்காக வாசிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். போனிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கிறார்கள். மொழிபெயர்ப்பில் முதலில் செத்துப்போவது பகிடிதான். சொல் மட்டும் மிஞ்சும்.

படங்களில் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளையார் கிரிக்கெட் மட்டையோடு நிற்கிற ஸ்டிக்கரை நாங்களே ஒருவருக்கொருவர் அனுப்புகிறோம். சாமியைத் திட்டுவதுபோலப் புகழ்ந்து பாடும் நிந்தாஸ்துதி என்று ஒரு பாட்டு வகையே நம்மிடம் இருக்கிறது. அந்தச் சலுகையை அடுத்த வீட்டுச் சாமிக்கு நீட்ட முடியாது. புத்தர் உருவத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டால் அது இந்த நாட்டில் வேறு கதை. நபிகளை எந்த உருவத்தில் வரைந்தாலும், மரியாதையாகவே வரைந்தாலும், முஸ்லிம்களுக்கு அது ஏற்காது. நற்கருணையை வைத்துச் செய்யும் பகிடி கத்தோலிக்கருக்கு அடிவயிற்றில் விழும். இப்போது ஏஐயிடம் இரண்டு வரி சொன்னால் எந்தக் கடவுளையும் எந்தக் கோலத்திலும் வரைந்து கொடுத்துவிடுகிறது. ஆகவே படம் என்றால் சிரிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், யாருடைய சாமி, யார் அனுப்பியது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

விதி எழுதுவது

நானும் தொடக்கத்தில் எல்லோரையும் போல "குறூப்பில் மதம் பேசக்கூடாது" என்று எழுதிவைத்தேன். இரண்டு கிழமை தாங்கவில்லை. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் தேர் வருகிறது, காலி வீதியை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று ஒருவர் கேட்டார். "மதம் வேண்டாம் என்று விதி இருக்கிறதே" என்று இன்னொருவர் பதில் போட்டார். நோன்புக் கஞ்சி எந்த மாடியில் கொடுக்கிறார்கள், கரோல் பாட எப்போது வருவார்கள், வெசாக்குக்கு இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் எந்தச் சந்தியில் என்பதெல்லாம் மதம்தான். இவற்றை எடுத்துவிட்டால் எங்கள் குறூப்பில் மிஞ்சுவது தண்ணீர்த் தொட்டி மட்டும்.

இப்போது குறூப் விபரத்தில் இருப்பது இவ்வளவுதான். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது:

"உங்கள் மதத்தைப் பற்றி நீங்கள் சிரிக்கலாம். அடுத்தவருடைய கடவுளையும் வழிபாட்டையும் வைத்துப் பகிடி வேண்டாம். ஒரு மதத்தார் எல்லோருமே இப்படித்தான் என்று எழுதினால் அது அகற்றப்படும். மதம் சம்பந்தமாக வந்த மெசேஜை அப்படியே அனுப்பாமல் சொந்தச் சொல்லில் எழுதுங்கள்."

கடைசி வரிதான் அதிகம் வேலை செய்கிறது. ஃபோர்வர்ட் பண்ணுகிறவருக்கு அது தன் சொல் என்ற உணர்வே கிடையாது. கேட்டால், "எனக்கு வந்தது, அனுப்பினன்" என்பார். இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை அனுப்பப்பட்டது என்று வந்தால் இன்னும் யோசியுங்கள். அப்படிப்பட்ட மெசேஜை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குறூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வட்ஸ்அப்பே 2020இல் கட்டுப்படுத்தியது. சொந்தமாக எழுதச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் எழுத மாட்டார்கள். எழுதுகிற ஒருவரோடு பேசலாம்.

கஞ்சி இரவு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் இரண்டு பெரிய பிழைகளும் இதற்குள்தான் இருக்கின்றன.

நோன்பு காலம். நாலாம் மாடி நானா வழக்கம்போல எல்லா வீட்டுக்கும் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். இரண்டாம் மாடித் தம்பி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர், இரவு ஏழு நாற்பதுக்கு வழித்து நக்கிய கோப்பையைப் படம் பிடித்துப் போட்டு, "இந்தக் கஞ்சிக்காகவே மதம் மாறலாம் போல கிடக்கு" என்று எழுதினார். ஒரு நிமிடத்துக்குள் நானாவின் பதில்: "வாங்க தம்பி. கஞ்சி முதல்ல, கத்தி பிறகு." கத்தி என்றது சுன்னத்தை. பதினைந்து பேர் சிரித்தார்கள். நானாவின் மனைவியும் சிரித்தார். அத்தோடு முடிந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு ஐந்தாம் மாடி ஐயா எழுதினார்: "மதமாற்றம் உங்களுக்குப் பகிடியா? எங்கட பிள்ளைகளை இப்படித்தான் இழுக்கிறாங்கள்." அதற்கு நானா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மருமகன் சொன்னார். அதற்கு ஐயாவின் மகன் சொன்னார். கால் மணி நேரத்தில் 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் குண்டுத் தாக்குதல் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு யாரும் கஞ்சியைப் பற்றிப் பேசவில்லை.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டில் நின்றேன். பத்து மணிக்குக் கிட்டப் போனை எடுத்தால் எழுபதுக்கு மேல் மெசேஜ். பதறிப்போய், எல்லாம் தொடங்கியது அந்தத் தம்பியின் வரியில்தானே என்று அதை அழித்தேன். அட்மின் அழித்தால் யார் அழித்தது என்று பெயரோடு அந்த இடத்தில் நிற்கும். அதுவரை பார்க்காதவர்களும் "என்னத்தை அழிச்சவை?" என்று வந்து கூடிவிட்டார்கள்.

அது சின்னப் பிழை. பெரிய பிழையை அடுத்த நாள் காலையில்தான் கண்டேன். நானா தம்பியின் வரியை இழுத்து மேற்கோள் காட்டாமல், தனியாகத்தான் எழுதியிருந்தார். தம்பியின் வரியை நான் எடுத்துவிட்டேன். மிஞ்சி நின்றது என்ன? ஒரு முஸ்லிம் பெரியவர், இந்துப் பிள்ளைகள் இருக்கிற குறூப்பில், "வாங்க தம்பி. கஞ்சி முதல்ல, கத்தி பிறகு." அந்த ஒற்றை வரி ஸ்கிரீன்ஷொட்டாக வெளிக் குறூப் ஒன்றுக்குப் போய், மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை ஒட்டிக்கொண்டு, அடுத்த நாள் பகல் எனக்கே திரும்பி வந்தது. பகிடியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரை வெட்டியெடுத்து மற்றவரை மிரட்டல்காரர் ஆக்கியது என் விரல்தான்.

இரண்டாவது பிழை. அன்றிரவு நான் முதலில் கோல் எடுத்தது ஐயாவுக்கு. சத்தம் போட்டவர் அவர்தானே! உண்மையில் நொந்து போயிருந்தவர் வாயே திறக்காத நானா. வீடு வீடாகக் கஞ்சி கொடுத்த மனுசனைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவன் என்றல்லவா சொல்லியாகிவிட்டது. அவருக்கு நான் மறுநாள் மாலைதான் எடுத்தேன். "பரவால்ல மகன்" என்றார். பரவாயில்லை என்று சொல்கிற குரல் அது இல்லை.

இப்போதென்றால் செய்வது

முதலில், எதையும் தொடாமல் மேலே போய் முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசிப்பேன். இரண்டு நிமிடம்தான் போகும்.

அடுத்தது, முழுவதையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பேன். நாளைக்கு வெட்டிய துண்டு ஒன்று ஊருக்குள் ஓடினால், முழுசு என்னிடம் இருக்க வேண்டும். இதை எங்கேயும் போடுவதற்காக எடுக்கவில்லை, கேட்கிறவருக்குக் காட்டுவதற்கு.

மூன்றாவது, அட்மின் மட்டும் எழுதலாம் என்று குறூப்பைப் பூட்டுவேன். அழிப்பதைவிட இது நல்லது. ஒரேயொரு மெசேஜ் போடுவேன்: "இந்தக் கதையை இத்தோடு நிறுத்துவோம். காலை எட்டு மணிக்குக் குறூப் திறக்கும். யாருக்காவது மனம் நொந்திருந்தால் எனக்குத் தனியாகக் கோல் எடுங்கள்." இதில் யாருடைய பெயரும் இருக்கக்கூடாது, யார் சரி யார் பிழை என்பதும் இருக்கக்கூடாது. தீர்ப்புச் சொல்ல ஆசை வரும். அடக்குங்கள்.

பிறகு கோல். மெசேஜில் பேச வேண்டாம். அதற்கும் ஸ்கிரீன்ஷொட் உண்டு. முதல் கோல், யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அவருக்கு. இரண்டாவது, கோபப்பட்டவருக்கு. மூன்றாவதாகத்தான் பகிடி விட்டவர்.

அழிக்க வேண்டியிருந்தால் அதற்குப் பிறகு அழிப்பேன். அழித்தால் கேள்வியையும் பதிலையும் சேர்த்து. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கவே கூடாது. பகிடி விட்டவரே தன் வரியை எடுப்பது எல்லாவற்றிலும் மேல். அனுப்பி இரண்டு நாள் வரை எல்லோருடைய போனிலிருந்தும் அவரால் எடுக்க முடியும்.

இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு மதத்தாரை அடி, கடையில் வாங்காதே, வீடு கொடுக்காதே என்ற பாணியில் வருவது பகிடியாகவே வந்தாலும் நான் யாரையும் கேட்பதில்லை, யோசிப்பதுமில்லை. ஸ்கிரீன்ஷொட், அழிப்பு, அனுப்பியவர் வெளியே. சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தியோடு அம்பாறையில் முஸ்லிம் கடையை உடைத்தது 2018 பெப்ரவரியில். அடுத்த கிழமையே கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் ஒரு கிழமையளவு முடக்கி வைத்ததும், நாங்கள் எல்லோரும் விபிஎன் என்ற சொல்லைப் படித்ததும் அப்போதுதான். 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் போட்ட ஒரு கொமெண்ட், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற அளவுதான். ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று கிழமை. அதை மிரட்டல் என்று வாசித்தார்கள். பள்ளிவாசலுக்குக் கல் விழுந்தது, ஊரடங்கு வந்தது. அதே சொல் ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் யாரும் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே சொல்லோடு நாளையும் பாருங்கள். ஈஸ்டர் தாக்குதல் நடந்த ஏப்ரல் 21, வெசாக், நோன்பு, வெளியே எங்கேயாவது கலவரச் செய்தி ஓடுகிற நாட்கள்: இவற்றில் நான் இரவு பத்து மணிக்கே குறூப்பைப் பூட்டிவிடுவேன். காரணம் சொல்வதில்லை. "லிஃப்ட் பராமரிப்பு அறிவித்தலுக்காக" என்று ஒருமுறை எழுதினேன். லிஃப்ட் உண்மையாகவே பழுதாக இருந்ததால் பொய்யும் இல்லை.

நொந்தவரோடு பேசுவது

"அது வெறும் பகிடிதானே" என்று தொடங்கினால் கதை முடிந்தது. "நீங்கள் படித்தவர், இதுக்கெல்லாம் போய்…" என்பது அதைவிட மோசம். நான் கேட்பது ஒரு கேள்விதான்: "ஐயா, அதில எந்தச் சொல் உங்களுக்கு நொந்தது?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது கடினம்.

நோவு பல வகை. தன் நம்பிக்கையில் தொட்டதால் நோகிறவர் ஒருவர். அடுத்தவருக்காகத் தான் நோகிறவர் இன்னொருவர். அந்த அடுத்தவரிடம் கேட்டால் எனக்கு ஒன்றுமில்லையே என்பார். மூன்றாவது, பழைய கணக்கு. ஐந்தாம் மாடி ஐயாவோடு அன்று நாற்பது நிமிடம் பேசினேன். முதல் பத்து நிமிடம் நானாவின் மருமகன் தன் வானைக் கொண்டுவந்து இவருடைய இடத்தில் நிறுத்துவதைப் பற்றி. சரி, இதுதான் விசயம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பொறுமையாக இருந்ததில் அதற்குக் கீழே இருந்தது பிறகுதான் வந்தது. அவருடைய சொந்த அக்காவின் மகள் ஒரு சபையில் சேர்ந்துவிட்டாளாம். தாய் செத்தவீட்டில் திருநீறு பூச மறுத்துத் தள்ளி நின்றாளாம். "கொள்ளி வைக்கிற நேரத்திலயும் கிட்ட வரேல்லைத் தம்பி" என்றார். நானாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். மதம் மாறலாம் போல கிடக்கு என்ற சொல் போய் விழுந்த இடம் அது.

இது தெரிந்தபிறகும் "இழுக்கிறாங்கள்" என்று எழுதியது சரி ஆகிவிடாது. அதை அவரிடமே சொன்னேன். ஆனால் சொல்லும் விதம் மாறிவிட்டது.

பகிடி விட்டவரோடு

பெரும்பாலும் இவர் ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருப்பார். குறூப்பில் பகிரங்க மன்னிப்பு எழுது என்று நெருக்காதீர்கள். நெருக்கி வாங்கிய மன்னிப்பு அடுத்த சண்டையின் முதல் வரி. தானாக எழுதுகிறேன் என்றால் ஒரு உதவி செய்யலாம்: "யாருடைய மனமாவது நொந்திருந்தால் மன்னிக்கவும்" என்று எழுத விடாதீர்கள். அந்த "நொந்திருந்தால்" என்ற சொல்லின் கடைசியில் இருக்கிற "ஆல்" எல்லாவற்றையும் கெடுத்துவிடும். "நான் எழுதியது பிழை. நானா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்பது போதும். எங்கள் தம்பி எழுதவேயில்லை. நாலாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

முடியாது என்று சொல்ல வேண்டிய நேரம்

நொந்தேன் என்று ஒருவர் சொன்னவுடன் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினால், அடுத்த மாதம் அந்தச் சொல்லையே ஆயுதமாக வைத்திருப்பார்கள். போயா என்பது பௌத்தரின் பௌர்ணமி நாள், இறைச்சிக்கடை பூட்டியிருக்கும். அப்படி ஒரு நாளில், போயா என்பதை மறந்து கோழி வாங்கக் கல்கிசை வரை அலைந்து வெறுங்கையோடு வந்தவர், தன் மறதியைத் தானே கிண்டல் பண்ணி எழுதினார். போயாவைக் கேலி செய்கிறார், அழி என்று ஒருவர் நின்றார். அவர் பௌத்தரும் இல்லை. நான் அழிக்கவில்லை. இதில் சிரிப்புக்கு ஆளானவர் எழுதியவர் மட்டும்தான் என்று தனியாகச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, பிறகு லிஃப்டில் பேசினார்.

கோயில் கணக்கைக் கேட்பது, பள்ளி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது, தேவாலயத் திருவிழா வெடி நாய்களைப் பயப்படுத்துகிறது என்பது: இவை நிந்தனை ஆகா. மரியாதையாகக் கேட்டிருந்தால் விடுங்கள்.

சட்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் அட்மின் ஒருவர் இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவு, ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே பேசுவதற்கு ஒரு வருடம் வரை சிறை என்கிறது. 291ஆ, ஒரு மதத்தாரின் உணர்வைக் கொதிக்க வைக்கும் கெட்ட எண்ணத்தோடு அவர்களுடைய மதத்தை அவமதித்தால் இரண்டு வருடம் வரை என்கிறது. இரண்டிலும் நோக்கம்தான் முக்கியம். ஆனால் பொலிஸ் அதிகம் எடுத்தது இவற்றை அல்ல, 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தை. ஐசிசிபிஆர் (குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டம் என்று செய்தியில் வருவது இதுதான். பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பரப்புரைக்கு எதிரானது. பத்து வருடம் வரை கடூழியச் சிறை. பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால்தான் முடியும். சிக்கல் அந்தப் பிணையில் இருக்கிறது. வழக்கு நிற்காது என்றாலும் உள்ளே இருக்கும் நாட்கள் போனதுதான்.

எழுத்தாளர் ஷக்திக சத்குமார பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நாலு மாதம் உள்ளே இருந்தார், 2021இல் விடுவிக்கப்பட்டார். றம்ஸி ராஸிக் 2020 ஏப்ரலில் ஒரு பேஸ்புக் பதிவுக்காகக் கைதாகி செப்டம்பரில்தான் பிணையில் வந்தார்; அந்தக் கைது அவருடைய அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஹசலகவில் ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டு அவரைப் பிடித்தது 2019 மே மாதம். அதில் பகிடிகூட இல்லை, துணியின் அச்சு மட்டும்தான். நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய மேடையில் விட்ட மதப் பகிடிக்காக 2023 மே மாதக் கடைசியில் கட்டுநாயக்காவில் கைதாகி, ஜூலை 5இல் பிணை பெற்றார். அதே விவகாரத்தில் காணொளியைப் போட்ட யூடியூப் அலைவரிசைக்காரரையும் பிடித்தார்கள் என்பதை அட்மின்மார் கவனிக்க வேண்டும். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் பொய்க் கூற்றால் மத உணர்வைப் புண்படுத்துவதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் சொல்வது பயப்படுத்துவதற்காக அல்ல. குறூப்பில் யாராவது "சீஐடிக்குக் குடுப்பன்" என்று எழுதினால் அதை ஒரு வெற்று மிரட்டலாக எடுக்காதீர்கள் என்பதற்காக. அப்படி எழுதுகிறவருக்கு அன்றிரவே கோல் எடுங்கள். இருபது வயதுப் பிள்ளை ஒருவர் ஒரு கஞ்சிப் பகிடிக்காக மாதக்கணக்கில் மகசின் சிறையில் இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள்.

தனியாக அட்மினாக இருக்காதீர்கள்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் இந்து. சஷ்டி விரதக்காரர் பால் பழம் என்று சொல்லி இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிடுவதைப் பற்றிப் பகிடி வந்தால் முதலில் எனக்குச் சிரிப்பு வரும். என்னைவிடப் பக்தியான ஒருவர் அதில் நொந்துபோவது எனக்குத் தெரியாது. பாஸ்டர் மைக்கில் கத்துவதைப் பற்றி வந்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஆட்களை வெளியேற்றிய என் பட்டியலை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். நாலு பேர். நாலு பேரும் என் மதம் இல்லை.

அன்றைக்கே இரண்டாவது அட்மினாக ஏழாம் மாடி மிஸ்ஸைச் சேர்த்தேன். கத்தோலிக்கர், ஓய்வு பெற்ற ஆசிரியை, யாருக்கும் பயப்படாதவர். மூன்றாவதாக நானாவின் மகள். இப்போது விதி இப்படி: பகிடி வந்தால் எந்த மதத்தைப் பற்றியதோ அந்த மதத்து அட்மின் முடிவெடுப்பதில்லை, எழுதியவருடைய மதத்து அட்மினும் முடிவெடுப்பதில்லை. மூன்றாமவர்தான். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு தனிச் சட் இருக்கிறது. மேலே சொன்ன விலக்கைத் தவிர, ஒருவரை வெளியேற்றுவதென்றால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும், அதற்கு முன் இரண்டு தடவை கோலில் சொல்லியிருக்க வேண்டும். வெளியேற்றியவருடைய போனில் பழைய மெசேஜ் எல்லாம் இருக்கும், கோபமும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மிஸ் வந்தபிறகு என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அவர் இரவு ஒன்பதரைக்கு, "பிள்ளைகள், படுங்கோ" என்று ஒரு வொய்ஸ் போடுவார். அறுபது வீடும் அடங்கிவிடும்.

இந்த வருடமும் கஞ்சி வந்தது. தம்பி கோப்பையைப் படம் பிடித்துப் போட்டார், ஒரு சொல்லும் எழுதாமல். நானா ஒரு கரண்டிப் படம் போட்டார். ஐந்தாம் மாடி ஐயா ஒன்றும் போடவில்லை. ஆனால் வாளியைக் கழுவி நாலாம் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததை லிஃப்டில் கண்டேன். வான் இன்னும் அவருடைய இடத்தில்தான் நிற்கிறது. அதற்கு வேறு குறூப் திறந்திருக்கிறோம்.